இரண்டு பாகம் தண்ணீர்

கழிமுகத்து நீர்வாழ் உயிர்களுள் மூத்தவரும், சேற்றின் மேடு பள்ளங்களை வயிற்றாலேயே அறிந்தவரும், காரணமின்றி எவரையும் கடித்து அறியாதவரும் ஆகிய விலாங்கு நெளிமுத்தனார் அவர்களுக்கு, அந்தக் கார்த்திகை மாதத்தில் அகவை இருபத்தெட்டு நிறைந்து இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. விலாங்கு இனத்தில் அது பெரிய வயது.

நெளிமுத்தனாருக்குக் கைகள் இல்லை. கால்களும் இல்லை. கேள்விகள் மட்டும் ஏராளமாக இருந்தன.

"நண்டாரே! தாங்கள் ஏன் பக்கவாட்டில் நடக்கிறீர்கள்?" என்று ஒருமுறை நண்டிடமே கேட்டார்.

"நான் நேராகத்தான் நடக்கிறேன். உமக்குத்தான் முகம் பக்கவாட்டில் இருக்கிறது!" என்றது நண்டு.

வேறொருவராக இருந்தால் சினந்திருப்பார். நெளிமுத்தனாரோ, அது உண்மையாக இருக்குமோ என்று மூன்று நாள் யோசித்தார்.

அந்தக் கழியின் வடகரையில் ஒரு பிரெஞ்சுத் துறைமுகமும் தென்கரையில் ஓர் ஆங்கிலத் துறைமுகமும் இருந்தன. மேற்குக் கரையில் எவருடைய கொடியும் இல்லை. பெரிய மாந்தோப்பு ஒன்றுதான் இருந்தது. கழியின் நடுவே ஒரு சிறிய மணல்திட்டு. அதில் ஒற்றைப் புன்னை மரம். அதன் அடிப்பொந்தில் மூவரியாள் என்னும் அணில் நான்கு குஞ்சுகளுடன் குடியிருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

மூவரியாளுக்கும் நெளிமுத்தனாருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. முந்திய கோடையில் கழி வற்றியபோது, அவர் ஒரு சிறு குட்டையில் சிக்கி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார். புன்னை இலைகளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அவர்மேல் போர்த்தி, மூன்று நாள் அவரை உயிரோடு வைத்திருந்தவள் அவளே. நான்காம் நாள் கடல்நீர் ஏறி அவரை மீட்டது.

இப்போது காலம் மாறி, தண்ணீர் அவளைத் தேடி வந்தது. மேற்கே பெருமழை. ஆற்றில் வெள்ளம். வெள்ளிக்கிழமை அமாவாசை; அன்று கடலும் ஏறும். ஆற்றுநீரும் கடல்நீரும் ஒன்றாகக் கூடினால், புன்னை மரத்தின் பொந்து மூழ்கிவிடும்.

"கிளைக்கு ஏறிக்கொள், தங்கச்சி!" என்றார் நெளிமுத்தனார்.

"மரத்தின் வேரைப் பாருங்கள், அண்ணா. பாதி மண் கரைந்துவிட்டது. கிளைக்கு ஏறினால் மரத்தோடு சேர்ந்து கடலுக்குப் போவோம்" என்றாள் மூவரியாள்.

"நான் முதுகில் சுமக்கட்டுமா?"

"உங்கள் முதுகில் ஈயே நிற்காது! கண் திறக்காத பிள்ளைகள் எப்படி நிற்கும்?"

அதுவும் மெய்தான். நெளிமுத்தனார் வருத்தத்துடன் ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போது திட்டின் ஓரத்தில் பெரும் கூச்சல் கேட்டது.

காய்ந்த தென்னம்பாளை மடல் ஒன்று மிதந்து வந்து திட்டில் ஒதுங்கியிருந்தது. தோணியைப் போலவே வளைந்த, நீண்ட, அழகான மடல். அதன் ஒரு முனையை ஒரு பெருச்சாளி பிடித்து இழுத்தது. மறுமுனையை ஒரு சுண்டெலி பிடித்து இழுத்தது.

பெருச்சாளியின் பெயர் ஹெர்பர்ட் துரை. தென்கரைத் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல் ஒன்றின் பிஸ்கோத்து மூட்டைக்குள் ஆறு மாதம் வாழ்ந்தவர். அந்த ஆறு மாதமும் கப்பல் நங்கூரமிட்டு நின்றுகொண்டிருந்தது. ஆயினும் அவர் தம்மை ஆங்கில மாலுமி என்றே சொல்லிக்கொள்வார்.

சுண்டெலியின் பெயர் முசே கஸ்தோன். வடகரையில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் ரொட்டிக் கூடையில் பிறந்தவர். அந்தக் கப்பலும் பழுதுபார்க்கக் கரையேற்றப்பட்டிருந்தது. ஆயினும் அவர் தம்மைப் பிரெஞ்சு மாலுமி என்றே சொல்லிக்கொள்வார்.

"முதலில் பார்த்தவன் நான்! மடல் ஆங்கிலேயருடையது!" என்றார் ஹெர்பர்ட் துரை.

"முதலில் தொட்டவன் நான்! மடல் பிரெஞ்சுக்காரருடையது!" என்றார் முசே கஸ்தோன்.

"தொட்டுவிட்டு எங்கே போனீர்? சாப்பிடப் போனீர்! கப்பல் மூழ்கினாலும் பிரெஞ்சுக்காரன் பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் நீந்துவான்!"

"பார்த்துவிட்டு நீர் என்ன செய்தீர்? தேநீர் வேளை வரட்டும் என்று காத்திருந்தீர்! ஆங்கிலேயன் பாறையில் மோதினால், பாறையிடம் 'சாரி' சொல்லிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுவான்!"

நெளிமுத்தனார் தலையை நீட்டினார். "ஐயா, பாறை பதில் சொல்லுமா?"

இருவரும் திகைத்து அவரைப் பார்த்தனர்.

"ஏளனமாகக் கேட்கவில்லை. நான் பாறைக்குள்ளேயே குடியிருப்பவன். என்னிடம் எந்தப் பாறையும் பேசியதில்லை. அதனால் கேட்டேன்" என்றார் அவர். பிறகு மூவரியாளின் இடரை விளக்கி, "மடல் யாருடையது என்பதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பேசலாம். அதற்குள் நான்கு குஞ்சுகளை மேற்குக் கரை சேர்க்க வேண்டும். இங்கே மாலுமிகள் நீங்கள் இருவர்தாம்" என்றார்.

மாலுமிகள் என்ற சொல் இருவருக்கும் இனித்தது. இருவரும் மடலை விட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டனர்.

"ஒரு தாய் உதவி கேட்டால் ஆங்கிலேயன் மறுக்கமாட்டான்" என்றார் ஹெர்பர்ட் துரை.

"பிரெஞ்சுக்காரன் கேட்கும் முன்பே 'வுய்' என்பான்!" என்றார் முசே கஸ்தோன்.

வழியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. திட்டுக்கும் மேற்குக் கரைக்கும் இடையே இரண்டு ஆபத்துகள் இருந்தன. போகும் வழிக்கு இடப்பக்கம், சிப்பி நிறைந்த சேற்றுமேடு தண்ணீருக்குள் மறைந்து கிடந்தது. மோதினால் மடல் கிழியும் அல்லது கவிழும். வலப்பக்கம், கடலை நோக்கி ஓடும் நீரோட்டம். அகப்பட்டால் மடல் கழியைத் தாண்டிக் கடலுக்கே போய்விடும். நடுவில் ஒரு குறுகிய வழி. வெள்ளத்தில் தண்ணீர் கலங்கியிருந்தபடியால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தை அளந்து அளந்துதான் போகவேண்டும்.

"சேற்றுமேட்டை நான் அளந்திருக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு அங்கே சரியாக ஒரு பாகம் தண்ணீர்" என்றார் ஹெர்பர்ட் துரை.

"நீரோட்டத்தை நான் அளந்திருக்கிறேன். அங்கே சரியாக நான்கு பாகம் தண்ணீர்" என்றார் முசே கஸ்தோன்.

"வெரிகுட்! அப்படியானால் ஒரு பாகம் என்றால் மேடு. வலப்பக்கம் திருப்பவேண்டும்."

"நான்கு பாகம் என்றால் ஓட்டம். இடப்பக்கம் திருப்பவேண்டும்."

"இரண்டும் மூன்றும் நல்ல வழி. நேராகப் போகலாம்!"

"வுய்! வுய்!"

சண்டையில்லாமல் அவ்விருவரும் ஒப்புக்கொண்ட செய்தி அது ஒன்றே. அதற்காகக் கைகுலுக்கியும் கொண்டார்கள். முசே கஸ்தோன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட முன்வந்தார். ஹெர்பர்ட் துரை பின்வாங்கி, மடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, வெள்ளோட்டம். தேக்கிலையைப் பாயாகக் கட்டினார்கள். பனைமட்டைச் சிம்பைச் சுக்கானாக மாட்டினார்கள். சமநிலைக்காக மடலின் அடியில் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"குஞ்சுகளை ஏற்றலாமா?" என்று கேட்டார் நெளிமுத்தனார்.

"முதலில் அவர்கள் போய்த் திரும்பி வரட்டும். பிறகு ஏற்றுகிறேன்" என்றாள் மூவரியாள்.

ஹெர்பர்ட் துரை பின்பக்கம் சுக்கானைப் பிடித்தார். முசே கஸ்தோன் முன்பக்கம் நின்றார். அவர் கையில் தேங்காய் நார்க்கயிறு. கயிற்றின் நுனியில் கூழாங்கல். கல்லைத் தண்ணீருக்குள் விட்டு, அடி தட்டியதும் கயிற்றை இழுத்து, இரு கைகளையும் விரித்து விரித்து அளந்தார்.

"மூன்று பாகம்!" என்று கூவினார்.

"நேராகப் போகிறேன்!" என்றார் ஹெர்பர்ட் துரை.

காற்று மடலை மெல்ல மெல்ல இடப்பக்கம் தள்ளியது.

"இரண்டு பாகம்!"

"நல்ல வழி! நேராகவே போகிறேன்!"

மடலுக்குக் கீழே நெளிமுத்தனார் நீந்திக்கொண்டிருந்தார். அவர் வயிற்றில் சிப்பிகள் உரசின. 'இது மேடு அல்லவா?' என்று அவர் வியப்பதற்குள், மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். அடிக்கல் சேற்றில் புதைந்தது. மடல் கவிழ்ந்தது. பெருச்சாளியும் சுண்டெலியும் தண்ணீரில் விழுந்தனர்.

கரையேறியதும் ஹெர்பர்ட் துரை மீசையைப் பிழிந்தார். "நான் என்ன சொன்னேன்? பிரெஞ்சுக்காரன் பேசும்போது இரண்டு கையையும் ஆட்டுவான். கயிற்றை எந்தக் கையால் பிடிப்பான்? அளவு தவறிப்போயிற்று!"

"அளவு தவறவில்லை! இரண்டு பாகம் என்றேன், இரண்டு பாகந்தான்! வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று ஆங்கிலேயன் உடம்பு கனத்துவிட்டது. நீர் உட்கார்ந்த பக்கம் மடல் புதைந்துவிட்டது!"

"ஒரு நிமிடம், ஐயா" என்றார் நெளிமுத்தனார். "என் வயிற்றில் சிப்பி உரசியதே, அது ஏன்?"

"உமது வயிறு தொங்குகிறது. அதனால் உரசியது!" என்றார் முசே கஸ்தோன். அந்த ஒன்றில் மட்டும் ஹெர்பர்ட் துரையும் அவருடன் சேர்ந்து சிரித்தார்.

நெளிமுத்தனார் குனிந்து தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். முந்திய வாரம் இருந்தபடியேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இடம் மாறினார்கள். "அளப்பது ஆங்கிலேயன் கையில் இருக்கட்டும்" என்று ஹெர்பர்ட் துரை கயிற்றை வாங்கிக்கொண்டார். "சுக்கான் பிரெஞ்சுக்காரன் கையில் இருக்கட்டும்" என்று முசே கஸ்தோன் பின்பக்கம் போனார்.

"ஒன்றரைப் பாகம்!" என்று கூவினார் ஹெர்பர்ட் துரை.

"ஒன்றுக்கு மேல்தானே? ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் திருப்புகிறேன்" என்றார் முசே கஸ்தோன்.

மடல் வலப்பக்கம் நகர்ந்தது. சற்று நேரத்தில் மீண்டும் கல் அடி தட்டியது.

"இரண்டு பாகம்!"

"ஆகா! நல்ல வழி! இனி நேராகப் போகலாம்!"

நெளிமுத்தனார் அடியைத் தொட்டுப் பார்க்கக் கீழே இறங்கினார். இறங்கினார். இன்னும் இறங்கினார். முதல்நாள் இதே 'இரண்டு பாகம்' அவர் வயிற்றில் உரசியது. இன்று அதே 'இரண்டு பாகம்' அவரை ஆழத்துக்கு இழுக்கிறது! 'இதென்ன புதுமை!' என்று அவர் நினைக்கும்போதே நீரோட்டம் அவர் உடலைப் பிடித்துத் தள்ளியது.

மேலே மடல் சுழன்றது. பாய் கிழிந்தது. "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று ஹெர்பர்ட் துரை கத்தினார். "திரும்பமாட்டேன் என்கிறதே!" என்று முசே கஸ்தோன் கத்தினார். கழிமுகத்தில் கடலின் வெள்ளை நுரை தெரிந்தது.

நெளிமுத்தனார் கயிற்றைப் பல்லால் கவ்வினார். இருபத்தெட்டு வருடமாகச் சேர்த்த பலம் முழுவதையும் கூட்டி, உடலை முறுக்கி, அங்கே நின்ற அலையாத்தி மரத்தின் வேரில் வாலைச் சுற்றினார். மடல் நின்றது. அவருடைய பல் ஒன்று கயிற்றோடு போயிற்று.

திட்டுக்குத் திரும்பிச் சேர மாலையாகிவிட்டது. அதன்பின் எழுந்த சண்டை பெரிய சண்டை.

"பிரெஞ்சுக்காரன் சுக்கான் பிடித்தால் கப்பல் நடனமாடும் என்று என் தந்தையார் சொன்னார்!"

"ஆங்கிலேயன் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கமாட்டான் என்று என் தாயார் சொன்னார்! கையை எடுக்காமல் ஆழத்தை எப்படி அளப்பான்?"

"எடுத்தேன், ஐயா! நன்றாக விரித்தே அளந்தேன்! இரண்டு பாகம்!"

"பொய்!"

"ஆங்கிலேயனைப் பார்த்துப் பொய் என்றீரா?"

மூவரியாள் பொந்திலிருந்து வெளியே வந்தாள். அவள் குரல் உயரவில்லை. "நேற்று ஒருமுறை கவிழ்ந்தது. இன்று கடலுக்குப் போக இருந்தது. அந்த மடலில் என் பிள்ளைகளை ஏற்றமாட்டேன். நீங்கள் இருவரும் அவரவர் கரைக்குப் போங்கள். எங்களுக்கு வருவது வரட்டும்."

பொந்துக்கும் தண்ணீருக்கும் இடையே நான்கு விரற்கடை மண்தான் மீதம் இருந்தது.

அன்று நெளிமுத்தனாருக்கு உறக்கம் வரவில்லை. பல் போன இடம் வலித்தது. அதைவிட ஒரு கேள்வி அதிகமாக வலித்தது. ஒருவர் பொய் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொன்னவரும் அதே மடலில்தானே இருந்தார்? தான் மூழ்குவதற்காகப் பொய் சொல்பவர் உண்டா? அப்படியானால் இருவரும் மெய் சொன்னார்கள். இரண்டு மெய்களும் சேர்ந்து எப்படி இரண்டு முறை கெடுத்தன?

புதன்கிழமை விடிந்ததும் அவர் திட்டின் ஓரத்துக்கு வந்தார். ஹெர்பர்ட் துரையும் முசே கஸ்தோனும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தனர். வெள்ளம் பெருகியதால் இருவராலும் தத்தம் கரைக்குப் போகமுடியவில்லை.

"ஐயா, ஒரு கேள்வி" என்றார் நெளிமுத்தனார்.

"வந்துவிட்டார்!" என்று முனகினார் ஹெர்பர்ட் துரை.

"கோபிக்க வேண்டாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கப்பலில் வாழ்ந்ததும் இல்லை. பாகம், பாகம் என்கிறீர்கள். பாகம் என்றால் என்ன?"

இருவரும் திரும்பிப் பார்த்தனர். பிறகு ஒருசேரச் சிரித்தனர்.

"கேட்டீரா, முசே? பாகம் என்றால் என்ன என்று கேட்கிறார்!"

"நேற்றுப் பிறந்த குட்டிக்கும் தெரியுமே, துரை!"

"எனக்குத் தெரியாதே! தயவுசெய்து சொல்லுங்கள்" என்றார் நெளிமுத்தனார்.

"இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால், ஒரு கையின் நுனியிலிருந்து மறுகையின் நுனி வரைக்கும் ஒரு பாகம்!" என்றார் ஹெர்பர்ட் துரை.

"இதில் மட்டும் துரை சொல்வது சரி" என்றார் முசே கஸ்தோன்.

"ஆனால் எனக்குக் கையே இல்லையே! சொன்னால் எனக்கு விளங்காது. நீட்டிக் காட்டமுடியுமா? இருவரும் காட்டினால் நன்றாக விளங்கும். இதோ, இப்படி அருகருகே நில்லுங்கள்."

"கையில்லாதவருக்குப் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது!" என்று அலுத்துக்கொண்டே இருவரும் எழுந்து அருகருகே நின்றனர். இருவரும் மார்பை நிமிர்த்தினர். இருவரும் கைகளை விரித்தனர்.

ஹெர்பர்ட் துரையின் கை, முசே கஸ்தோனின் தலைக்கு மேலே போய், அவருடைய மறுகையையும் தாண்டி நின்றது.

புன்னை மரத்திலிருந்து ஒரு காய் தண்ணீரில் விழுந்தது.

ஹெர்பர்ட் துரை தம் கையைப் பார்த்தார். முசே கஸ்தோன் தம் கையைப் பார்த்தார். பிறகு ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்.

"இதில் எது பாகம்?" என்று கேட்டார் நெளிமுத்தனார். அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

முசே கஸ்தோன் நார்க்கயிற்றை எடுத்தார். ஹெர்பர்ட் துரையின் ஒரு பாகத்தின்மேல் தம் பாகத்தை வைத்துப் பார்த்தார். இரண்டு முறை வைத்தார். சரியாக இருந்தது. அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"துரை... உமது ஒன்று எனது இரண்டு."

"அப்படியானால் திங்கட்கிழமை நீர் இரண்டு என்றபோது..."

"மேட்டின்மேல் நின்றுகொண்டிருந்தோம்."

"செவ்வாய்க்கிழமை நான் இரண்டு என்றபோது..."

"எனக்கு நான்கு. ஓட்டத்துக்குள் போய்விட்டோம்."

இவ்விருவரும் எத்தனையோ குற்றங்களை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தியிருந்தனர். ரொட்டி, தேநீர், உருளைக்கிழங்கு, நடனம் யாவும் வந்துபோயின. கவிழ்த்தது அவற்றுள் எதுவும் இல்லை. அவர்கள் கைகுலுக்கி ஒப்புக்கொண்ட அந்த ஒரு சொல்லே கவிழ்த்தது.

"ஐயா, இனி வழி எளிதுதானே? ஒரே பாகத்தை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நெளிமுத்தனார் மகிழ்ச்சியோடு.

"சந்தேகமென்ன! ஆங்கிலப் பாகத்தை வைத்துக்கொள்வோம். அதுதான் முழுமையானது" என்றார் ஹெர்பர்ட் துரை.

"நோன்! பிரெஞ்சுப் பாகந்தான் நுட்பமானது. உமது பாகத்தில் ஒரு தவளையே ஒளிந்துகொள்ளும்!" என்றார் முசே கஸ்தோன்.

"கப்பற்கலை எங்களுடையது!"

"கயிறு என்னுடையது!"

மீண்டும் முதுகைக் காட்டி உட்காரப் போனார்கள். அதற்குள் மூவரியாள் மரத்திலிருந்து இறங்கி வந்தாள். அவள் முழுவதையும் மேலிருந்து கேட்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் கயிற்றைத் தரையில் நீட்டினாள். அதன்மேல் தன் வாலை நேராக வைத்தாள்.

"இங்கே ஒரு முடிச்சுப் போடுங்கள்" என்றாள். வாலை நகர்த்தினாள். "இங்கே ஒரு முடிச்சு."

"அம்மா, இது என்ன நாட்டு அளவு?" என்று கேட்டார் ஹெர்பர்ட் துரை.

"என் பிள்ளைகளின் தாய் வால். போகப்போவது அவர்கள். அளவும் அவர்களுடையதாக இருக்கட்டும். மறுக்கிறவர் இப்போதே சொல்லுங்கள்."

மறுக்க எவருக்கும் துணிவு வரவில்லை. ஹெர்பர்ட் துரை முடிச்சுப் போட்டார். முசே கஸ்தோன் அதைப் பல்லால் இறுக்கினார். பாதி வாலுக்கும் கால் வாலுக்கும் சிறு நார்களைக் கட்டினார்கள்.

பிறகு நெளிமுத்தனார் அந்தக் கயிற்றின் கல்லை வாயில் கவ்விக்கொண்டு சேற்றுமேட்டுக்குப் போனார். முசே கஸ்தோன் ஒரு மரப்பட்டையில் உட்கார்ந்து முடிச்சை எண்ணினார். "ஒன்றரை வால்!" பிறகு நீரோட்டத்தின் ஓரத்துக்குப் போனார்கள். "மூன்று வால்!" நடுவழியில் அளந்தார்கள். "இரண்டேகால் வால்!"

ஒவ்வொரு முறையும் நெளிமுத்தனார், "கயிறு நேராக நின்றதா? முடிச்சு நனைந்து சுருங்கவில்லையே? எண்ணியது முதல் முடிச்சிலிருந்தா, கல்லிலிருந்தா?" என்று கேட்டார். அன்று அவருடைய கேள்விக்கு எவரும் முனகவில்லை.

திரும்பி வந்தவர்கள் கிழிந்த பாயை நாரால் தைத்துவிட்டு, மூவரியாளிடம் அளவுகளைச் சொன்னார்கள். அவள் முடிச்சுகளைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு ஏற்றுகிறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை, தண்ணீர் பொந்தின் வாயிலைத் தொட்டது. மூவரியாள் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து மடலின் நடுவில், பஞ்சின்மேல் வைத்தாள். அவற்றின்மேல் தன் உடலைப் போர்த்திக்கொண்டாள். ஹெர்பர்ட் துரை சுக்கானைப் பிடித்தார். முசே கஸ்தோன் முன்பக்கம் நின்றார். கண்ணுக்குத் தெரியாமல் கீழே நெளிமுத்தனார்.

"இரண்டேகால் வால்!"

"இரண்டேகால் வால்! நேராக!"

காற்று இடப்பக்கம் தள்ளியது.

"இரண்டு! ... ஒன்றேமுக்கால் வால்!"

"ஒன்றேமுக்கால் வால்! வலப்பக்கம் திருப்புகிறேன்!"

கீழே சிப்பிகள் நெளிமுத்தனாரின் வயிற்றருகே வந்து, தொடாமல் விலகின.

"இரண்டரை! ... இரண்டேமுக்கால் வால்!"

"இரண்டேமுக்கால் வால்! இடப்பக்கம்!"

ஓட்டத்தின் விளிம்பு மடலைப் பிடித்து ஆட்டியது. குஞ்சுகள் கீச்சிட்டன. முசே கஸ்தோன் ஒரு கையையும் ஆட்டவில்லை. இரண்டு கைகளாலும் கயிற்றையே பிடித்திருந்தார். ஹெர்பர்ட் துரை வானிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கயிற்றின் முடிச்சையே பார்த்திருந்தார்.

"இரண்டேகால் வால்! துரை, இரண்டேகால்!"

"கேட்டது, முசே! இரண்டேகால் வால்! நேராக!"

அதன்பின் கல் கரைமணலைத் தட்டியது. கயிற்றின் முதல் முடிச்சுகூடத் தண்ணீரில் மூழ்கவில்லை. மாந்தோப்பின் நிழல் மடலின்மேல் விழுந்தது. மூவரியாள் முதல் குஞ்சைக் கவ்விக்கொண்டு மரத்துக்குத் தாவினாள். நான்காவது குஞ்சை எடுக்க வந்தபோது, அது ஒரு கண்ணைப் பாதி திறந்திருந்தது. அது முதன்முதலில் கண்டது ஹெர்பர்ட் துரையின் மீசையை. பயந்து மீண்டும் மூடிக்கொண்டது.

அவர்களுக்குப் பின்னால் புன்னை மரம் சரிந்தது. வேரோடு பெயர்ந்து, சேற்றுமேட்டைக் கடந்து, நீரோட்டத்தில் திரும்பி, கடலை நோக்கிப் போயிற்று. அது போகும்வரைக்கும் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிக்கவேண்டும், முசே. உம்மைப் பொய்யர் என்று நினைத்தேன்" என்றார் ஹெர்பர்ட் துரை.

"நானும் உம்மை அப்படியே நினைத்தேன், துரை. இப்போது சாப்பிடலாமா?"

"கண்டேனே! கரை தட்டியதும் சாப்பாடு! ஆனால்... தேநீர் கிடைக்குமானால் வருகிறேன்."

நெளிமுத்தனார் கரையோரத் தண்ணீரிலிருந்து தலையை உயர்த்தினார். "ஐயா, போகும் முன் ஒன்று சொல்லுங்கள். 'சற்று நேரத்தில் வருகிறேன்' என்று முசே அடிக்கடி சொல்கிறார். துரையும் சொல்கிறார். அந்தச் 'சற்று நேரம்' இருவருக்கும் ஒன்றுதானா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு, சாப்பாட்டை மறந்து, அங்கேயே உட்கார்ந்து, அதைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

பிறர் சொல்லும் சொல் நாம் சொல்லும் சொல்லாகவே இருந்தாலும், அதன் அளவும் ஒன்றுதானா என்று வெட்கப்படாமல் கேட்டறிபவரே கரை சேர்வர் என்னும் உண்மை, சாதாரண வருடம் கார்த்திகை மாதம் பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, உச்சிப்பொழுதுக்கு ஒரு நாழிகை முன்னதாக, மேற்குக் கரை மாந்தோப்பில் ஐயமற முடிவாயிற்று.